பன்னெண்டரை மணிக் குறிப்பு

நான் சொன்னேன்க்கா. அத மொதல்லயே சொல்லிருதேன். பன்னெண்டு மணிக்கு, டூட்டி ரூம் வாசல்ல நின்னு, டாக்டர்கிட்ட நான் சொன்னேன். இன்னைக்கு விசாரணையிலயும் அது எழுத்துல ஏறிட்டு. ஜெபமலர் சொல்லலன்னு இனிமே ஒருத்தரும் சொல்ல முடியாது.

நீங்க பஸ்ஸுல ஏறுனதும் கேட்டிய, கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்குன்னு. தூசின்னு சொன்னேன். தூசியெல்லாம் இல்ல. ஜில்லா ஆபீஸ்ல காலைல பத்து மணியில இருந்து ஒக்கார வச்சிருந்துட்டு மூணு மணிக்குத்தான் விட்டாக. எனக்கு நல்லபடியா முடிஞ்சிட்டு. "ஒங்க மேல தப்பு இல்ல சிஸ்டர், போயி வேலயப் பாருங்க"ன்னு விசாரிச்ச பெரிய டாக்டரம்மா சொல்லிட்டாக. பொறவு ஏன் அழுதன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. ஒங்க ஊரு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்லா? அப்பம் சொல்லுதேன். நீங்க யாரோ, நான் யாரோ. அதான் சொல்ல முடியுது.

நான் நர்ஸு. ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. ஊரு பேரு வேண்டாம். சேந்து மூணு வருசம் ஆச்சு, இன்னும் நிரந்தரம் ஆகல. அதுக்கு முன்னால மெட்ராஸ்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆறு வருசம், அவ்வளவும் இருதய வார்டுதான். அந்த வேலைய நான் பழகுன மாதிரி இந்த ஆஸ்பத்திரியில வேற ஒருத்தரும் பழகல. பெருமைக்குச் சொல்லல. இருக்கதச் சொல்லுதேன்.

ஹார்ட் அட்டாக்னா எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பொறவு வர்ற ஒண்ணு இருக்கு, அது தெரியாது. இருதயம் அடிச்சுக்கிட்டுதான் இருக்கும், நிக்காது. ஆனா அது தள்ளுத ரெத்தம் ஒடம்புக்குக் காணாது. கையி, காலு, கிட்னி, மூளன்னு ஒவ்வொண்ணா பட்டினி கெடக்கும். ஷாக்னு சொல்லுவோம். கரண்டு ஷாக் இல்ல, மனசு ஷாக்கும் இல்ல. இது வேற. மெட்ராஸ்ல எங்க வார்டு செவுத்துல ஒரு அட்ட ஒட்டியிருந்தாக. அஞ்சு எழுத்து. ஏ, பி, சி, டி, இ. ஏ-ன்னா இன்னும் ஒண்ணும் ஆகல, ஆகுறதுக்கு வழி இருக்கு. பி-ன்னா நாடி வேகமா ஓட ஆரம்பிச்சிட்டு, இல்ல பிரஷர் எறங்கப் பாக்குது, ஆனா கையி காலு இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. சி-ன்னா காலு சில்லுன்னு ஆயிட்டு, யூரின் நின்னுட்டு, ஆளு ஒரு மாதிரி பேசுதாரு. டி-ன்னா மருந்து குடுத்தும் கேக்காம மோசமாயிக்கிட்டே போவுது. இ-ன்னா… சொல்ல வேண்டாம், ஒங்களுக்கே தெரியும்.

இதுல சி-யத்தான் பிடிக்கணும். ஏன்னா சி-யில சில பேருக்கு பிரஷர் நல்லாத்தான் காட்டும். ஒடம்பு தன் ரெத்தக்கொழாய எல்லாம் இறுக்கிப் பிடிச்சு, பிரஷர விழ விடாம வச்சிருக்கும். மெஷினப் பாத்தா ஏமாந்துருவோம். காலத் தொட்டுப் பாத்தா ஏமாற மாட்டோம்.

கொம்பையா கால நான் தொட்டுப் பாத்தேன்க்கா.

அவரு எங்க ஊருல தண்ணி தெறந்து விடுதவரு. பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர். நாப்பத்தேழு வயசு. ஊருல அவரத் தெரியாத வீடு கெடையாது. பங்குனி மாசம், நல்ல வெயில். காலைல பத்து மணிக்கு அவரே வண்டி ஓட்டிக்கிட்டு வந்தாரு, பின்னால அவரு பொண்டாட்டி முத்துப்பேச்சி. நெஞ்சு அடைக்கின்னாரு, ஒரு வாட்டி வாந்தி எடுத்துட்டேன்னாரு. ஈசிஜி எடுத்தோம். பெரிய அட்டாக். டாக்டர் நிவேதன்தான் டூட்டி. இருவத்தெட்டு வயசு இருக்கும், எனக்கு ஏழு வயசு எளையவரு. கொற சொல்லக் கூடாது, அந்த நேரம் சுறுசுறுப்பாத்தான் செஞ்சாரு. மாத்திர, ரெத்தக்கட்டு கரையறதுக்கு ஊசி, எல்லாம் அர மணி நேரத்துல ஏத்தியாச்சு. வலியும் கொறஞ்சிட்டு. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும், ஆனா 108 ஒரு பிரசவ கேச ஏத்திக்கிட்டுப் போயிருந்துச்சு. வந்ததும் அனுப்புவோம்னு சொல்லிட்டாரு. நாடி நூத்தி எட்டு. காலு சூடா இருந்துச்சு. நான் மனசுக்குள்ள பி-ன்னு போட்டேன்.

பன்னெண்டுக்குக் கொஞ்சம் முன்னால திரும்பப் போயி பாத்தேன். நெத்தியெல்லாம் வேர்வ. மேல ஃபேன் ஓடுது, ஆனா வேர்வ. நாடி நூத்தி இருவது, பிடிச்சா வெரலுக்கு அகப்பட மாட்டேங்குது, அவ்வளவு மெலிசு. காலத் தொட்டேன். ஐஸு. மொழங்கால் வரைக்கும் சில்லுன்னு ஏறிட்டு. நகத்த அமுக்கி விட்டேன். ரெண்டு எண்ணுததுக்குள்ள செவப்புத் திரும்பணும். அஞ்சு எண்ணியும் வெள்ளையாவே இருந்துச்சு. யூரின் டப்பாவப் பாத்தேன், காலைல வச்ச இடத்துல அப்படியே காஞ்சு கெடக்கு. பிரஷர் நூத்தி நாலுக்கு எம்பத்தி நாலு. மேல உள்ளதுக்கும் கீழ உள்ளதுக்கும் இருவதுதான் எடவெளி. ஒரு எழுத்துகூட யோசிக்க வேண்டியது இல்ல. சி.

நேரா டூட்டி ரூமுக்குப் போனேன். ரெண்டு ட்ரெய்னி பிள்ளைக நிக்கி, மருந்து குடுக்கவரு நிக்காரு, ஓபி முடிஞ்சு பத்து இருவது பேரு வெளிய வரிசையில நிக்கி. நான் சொன்னேன். சார், கொம்பையா சரியில்ல, காலு சில்லுன்னு இருக்கு, யூரின் இல்ல, ஷாக்குக்குப் போறாரு, பெரியாஸ்பத்திரிக்குப் பேசுங்க, 108 இன்னும் வரலன்னா நம்ம ஆஸ்பத்திரி வேன்லயாவது ஏத்திருவோம்னு.

அவரு என்னயப் பாக்கவே இல்ல. எழுதிக்கிட்டே கேட்டாரு, "பிரஷர் எவ்வளவு?"

நூத்தி நாலுன்னேன்.

"நூத்தி நாலுல என்ன ஷாக்கு சிஸ்டர்? தொண்ணூறுக்குக் கீழ எறங்குனா ஷாக்கு. மெட்ராஸ் பெருமைய அங்கயே விட்டுட்டு வாங்க. அவரு ஸ்டேபிள்தான்."

அந்த ட்ரெய்னி பிள்ளைக ஒண்ண ஒண்ணு பாத்துச் சிரிச்சுக்கிட்டுக. மருந்துக்காரரு வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. வெளிய நின்ன சனம் எல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கி. இது மொத தடவ இல்ல பாத்துக்கிடுங்க. அதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு வாயுக் கேச அட்டாக்னு நான் பயந்துபோயி டாக்டரச் சாப்பாட்டுல இருந்து எழுப்பிக் கூட்டியாந்துட்டேன். அதுல இருந்து எனக்கு "கார்டியாலஜி சிஸ்டர்"னு பேரு. ஆயா வரைக்கும் அப்படிச் சொல்லிச் சிரிப்பாக.

நான் திரும்பி வந்தேன். கேஸ் ஷீட்ட எடுத்தேன். பன்னெண்டரைன்னு நேரம் போட்டு எழுதுனேன். பேஷண்ட் கம்ஃபர்டபிள். வைட்டல்ஸ் ஸ்டேபிள்.

டாக்டர் சொன்னதத்தான எழுதுனேன்? நர்ஸு டாக்டர் சொன்னதத்தான எழுதணும்? அவரு ஸ்டேபிள்னா ஸ்டேபிள். நாளைக்கு ஒண்ணு ஆனா இத எடுத்து அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டலாம்னு ஒரு நெனப்பு. உண்மையச் சொல்லணும்லா. அப்படித்தான் நெனச்சேன்.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு இருக்கு. பெரியாஸ்பத்திரி இருதய டாக்டர்மாரு எல்லாம் அதுல இருக்காக. ஈசிஜி எடுத்த ஒடனே அதுல போடுவோம், என்ன ஊசி போடணும்னு சொல்லுவாக. நானும் அதுல இருக்கேன். போன எடுத்து டைப் பண்ணினேன். காலு சில்லுன்னு இருக்கு, யூரின் இல்ல, ஸ்டேஜ் சி-யா இருக்கலாம், பாருங்க சார்னு. அனுப்புத பொத்தான்ல வெரல வச்சேன். அந்தக் குரூப்புல நிவேதனும் இருக்காரு. தலைக்கு மேல போயி சொல்லிட்டான்னு வரும். கான்ட்ராக்டு வேல. அழிச்சுட்டேன்.

என்ன, குடிக்கத் தண்ணியா? இருக்கு, நீங்க குடிங்க. எனக்கு வேண்டாம்.

முத்துப்பேச்சியச் சொல்லணும். பீடி சுத்துதவ. ஒல்லியா, கருத்த பொம்பள, சத்தமாப் பேச மாட்டா. அவ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சா, எந்த வார்டுல வேல பாத்தா? ஒண்ணும் கெடையாது. நான் எழுதி முடிக்கதுக்கு முன்னாலயே வந்து நிக்கா. "சிஸ்டர், அவுகளுக்குக் காலு ஐசாக் கெடக்கு." எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் சொன்னதையே அவ எனக்குச் சொல்லுதா. தலைக்கு மேல ஃபேன் ஓடுதுல்லா, அதான், போர்த்தி விடுன்னு சொல்லி ஒரு போர்வ எடுத்துக் குடுத்தேன். போர்வ குடுத்தேன்க்கா. அத அவ ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டுப் போயி, ரெண்டா மடிச்சு அவரு காலுல சுத்தி விட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா கால்மாட்டுல ஒக்காந்து ரெண்டு உள்ளங்காலையும் தேச்சுக்கிட்டு இருக்கா. சூடே ஏற மாட்டேங்குது சிஸ்டர்ங்கா. காலைல இருந்து ஒண்ணுக்கும் போகலங்கா. தண்ணி குடிக்கச் சொல்லுன்னேன். அப்பறம் ஒரு மணி தாண்டி இருக்கும், சிரிச்சுக்கிட்டே வந்தா. "வடக்குத் தெருவுக்குத் தண்ணி தெறக்கணும், சாவிய எடுன்னு என்னயப் போட்டு ஏசுதாக. இன்னைக்கு வடக்குத் தெரு மொறையே இல்ல சிஸ்டர்." அவளுக்கு அது சிரிப்பா இருந்துச்சு. எனக்கு அது என்னன்னு தெரியும். மூளைக்கு ரெத்தம் பத்தலன்னா அப்படித்தான் பேசுவாக. நான் சொன்னேன், அவரப் பேச விடாத, ரெஸ்ட் எடுக்கட்டும்னு.

ஒண்ணரைக்கு இன்னொரு வாட்டி எழுதணும். எழுதுனேன். அதே ரெண்டு வரி.

நீங்க என்னய அப்படிப் பாக்காதிய. நான் ஒரு ஆளு. பதினெட்டு கட்டிலு. ரெண்டு டெங்கு, ஒரு பூச்சி மருந்து குடிச்ச பிள்ள, இது போக ஊசி போட வர்றவுக. நான் என்ன சும்மாவா இருந்தேன்? சொல்ல வேண்டியவருகிட்ட சொல்லியாச்சு. அவரு கேக்கல. ஒரு நர்ஸு அதுக்கு மேல என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க.

பொறவு ஒருக்கா வந்தா. அப்பம் சிரிக்கல. "முட்டுல நீலமா வல போட்ட மாதிரி இருக்கு. நீங்க ஒருக்கா வந்து பாருங்க சிஸ்டர்." அவ கண்ணப் பாத்தேன். நான் போயி அந்த முட்டப் பாத்தா திரும்பவும் டூட்டி ரூமுக்குப் போகணும். திரும்பவும் அந்த வாசல்ல நிக்கணும். எல்லாரும் திரும்பவும் சிரிப்பாக.

நான் சொன்னேன், "ஒங்க இன்ஷூரன்ஸ் கார்டு ஜெராக்ஸ் வேணும். மொதல்ல அத எடுத்துட்டு வா. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்னா அது இல்லாம முடியாது."

வேணுந்தான். பொய் இல்ல. ஆனா அந்தக் கார்டு ஜெராக்ஸு காலைலயே ஃபைலுல இருந்துச்சு. நான்தான் பின் அடிச்சு வச்சேன்.

அவ ஓடுனா. ஆஸ்பத்திரி எதுக்க உள்ள கடையில கரண்டு இல்லன்னு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கா. போக வர ரெண்டு கிலோமீட்டரு இருக்கும். அந்த வெயில்ல.

அவ போனப் பொறவுதான் நான் கட்டிலுக்குப் போனேன். அவ சொன்னது சரி. ரெண்டு முட்டுலயும் நீலமா கோடு கோடா ஓடியிருக்கு. பிரஷர் எம்பத்தி ரெண்டு. இப்பம் சொல்லலாம்லா, இப்பம் தொண்ணூறுக்குக் கீழ. ஓடிப்போயி சொன்னேன். நிவேதன் பேனாவப் போட்டுட்டு ஓடி வந்தாரு. ரெண்டு மணி ஆகப் பத்து நிமிசம். அவரு காலத் தொட்டுப் பாத்தாரு. தொட்டதும் அவரு மூஞ்சி போன போக்கு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி. சலைன வேகமா ஏத்துங்கன்னாரு. எனக்குத் தெரியும், இருதயமே தள்ள மாட்டாம கெடக்கு, அதுல தண்ணிய ஏத்துனா நெஞ்சுல போயிக் கோக்கும். சொன்னேனா? இல்ல. அவரு சொன்னாரு, நான் ஏத்துனேன். பத்தே நிமிசத்துல மூச்சு கொரகொரன்னு இழுக்க ஆரம்பிச்சிட்டு. பொறவு அவரே சலைன நிறுத்தச் சொன்னாரு, பிரஷர் மருந்து போட்டாரு, பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டாரு. அவுக அங்க இருந்து கத்துதது எனக்குக் கேட்டுச்சு. ஷாக்கு ஆரம்பிச்சப்பமே சொல்லிருக்கலாம்லான்னு கத்துதாக. மருந்துக்குப் பிரஷர் ஏறல. டி. மனசுல எழுத்து தானா ஓடுது, நான் நெனச்சாலும் நிக்க மாட்டேங்குது. ரெண்டு இருவதுக்கு நெனவு தப்பிட்டு. இ. என் கணக்கு ஒரு எழுத்துகூடத் தப்பல.

நிவேதன் நெஞ்ச அமுக்குனாரு. முக்கா மணி நேரம். வேற ஆள மாத்தி விடச் சொன்னாலும் விடல. வேர்வையும் கண்ணீருமா கொம்பையா சட்டையில சொட்டுது. முத்துப்பேச்சி ரெண்டரைக்கு வந்தா. கையில ஜெராக்ஸு, வேர்வையில நனஞ்சு போயி. வார்டு கதவ நான்தான் சாத்துனேன். மூணு பத்துக்கு எல்லாம் முடிஞ்சிட்டு.

ஊரு கூடிட்டு. தண்ணி விடுத மனுசன், தானே வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவரு, அஞ்சு மணி நேரத்துல பொணமா வெளிய வந்தா கூடாதா? கலெக்டருக்கு மனு போச்சு. விசாரணை போட்டாக. அப்பந்தான் கேஸ் ஷீட்ட எடுத்தாக. பன்னெண்டரைக்கும் ஒண்ணரைக்கும் ஸ்டேபிள்னு என் கையெழுத்து. இப்பம் புரியுதா ஒங்களுக்கு? அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டணும்னு நெனச்சு எழுதுனது, என் கழுத்துல வந்து விழுந்துட்டு. நர்ஸு நல்லா இருக்காருன்னு எழுதியிருக்கா, டாக்டர் என்ன செய்வாருன்னு ஆஸ்பத்திரியில பேச ஆரம்பிச்சிட்டாக. ரெண்டு மாசம் நான் ஒறங்கல. எங்க வீட்டுக்காரரு கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லு, வேற வாயத் தொறக்காதன்னு தெனமும் சொல்லுவாரு. வேல போனா என்ன செய்யதுன்னுதான் பயம். ட்ரெய்னி பிள்ளைகளப் போயிப் பாத்தேன், நான் சொன்னத நீங்க கேட்டியல்லான்னு. ஞாபகம் இல்ல சிஸ்டர்ன்னுட்டாக. மருந்துக்காரரு லீவுல போயிட்டாரு. நிவேதன் என் மூஞ்சியையே பாக்க மாட்டாரு. அவரு எப்படியும் என்னயத்தான் கைகாட்டுவாருன்னு இருந்தேன்.

இன்னைக்கு உள்ள அவரத்தான் மொதல்ல கூப்பிட்டாக. எங்க எல்லாரையும் அதே ரூமுல ஒக்கார வச்சிருந்தாக. எந்திச்சு நின்னாரு. கேள்வி கேக்கதுக்கு முன்னாலயே சொன்னாரு, "மேடம், பன்னெண்டு மணிக்கே சிஸ்டர் என்கிட்ட வந்து ஷாக்குன்னு சொன்னாங்க. நான் பிரஷர மட்டும் பாத்துட்டு கேலி பண்ணி அனுப்பிட்டேன். காலத் தொட்டுப் பாக்கல. அவங்க எழுதுனது நான் சொன்ன வார்த்த. தப்பு என்னோடது."

ரெண்டு மாசமா நான் அவர எப்படியெல்லாம் ஏசியிருப்பேன். எங்க வீட்டுக்காரருகிட்ட, எங்கம்மாகிட்ட, போன்ல என் கூடப் படிச்சவகிட்ட. அதுலயும் பாருங்க, அங்கயும் அவருக்குத்தான் நல்ல பேரு. அந்தப் பெரிய டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டிட்டு, உண்மையச் சொல்லதுக்கு ஒரு தைரியம் வேணும் தம்பின்னு சொல்லுதாக. அவருக்கு என்னமோ நடவடிக்க இருக்கு, ஆறு மாசம் எங்கயோ பயிற்சிக்கு அனுப்புவாகளாம். ஆனாலும் நல்ல பேரு.

பொறவு முத்துப்பேச்சியக் கூப்பிட்டாக. அவளும் சொன்னா. சிஸ்டர் டாக்டர்கிட்ட சொன்னத நான் வெளிய நின்னு கேட்டேன், அவுக ஒருத்தருதான் எங்க வீட்டுக்காரருக்காகப் பேசுனதுன்னு சொன்னா. நாலு வாட்டி என்கிட்ட முறையிட்டத அவ சொல்லல. அவுக கேக்கல, அவ சொல்லல. என்னயக் கூப்பிட்டாக. நீங்க டாக்டர்கிட்ட சொன்னியளான்னு ஒரே கேள்வி. சொன்னேன் மேடம்னேன். அதுக்குப் பொறவு ஒண்ணே முக்கா மணி நேரம் என்ன செஞ்சியன்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டா சொல்லதுக்குப் பதினெட்டு கட்டிலு, டெங்கு, மருந்து குடிச்ச பிள்ளன்னு எல்லாம் மனசுல அடுக்கி வச்சிருந்தேன். கேக்கல. இந்த நெலமைக்குப் போனா பெரிய பெரிய ஆஸ்பத்திரியிலயே பாதிப்பேரு பொழைக்கிறது இல்லன்னு அந்த அம்மா முத்துப்பேச்சிக்கு ஆறுதல் சொன்னாக. பாதிப்பேருன்னா மீதிப் பாதிப்பேரு பொழைக்காகல்லா?

வெளிய வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல அவ நிக்கா. என்னயப் பாத்ததும் வந்து கையப் பிடிச்சுக்கிட்டா. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலல்லா சிஸ்டர்ங்கா. இல்லம்மான்னேன். கொஞ்ச நேரம் கைய விடல. பொறவு கேட்டா, "அவுக கடைசியா எதும் சொன்னாகளா?"

இல்லம்மா, மயக்கத்துலயே இருந்தாரு, ஒண்ணும் சொல்லலன்னேன்.

யோசிக்கவே இல்ல, வாயில வந்துட்டு. அவ பெருமூச்சு விட்டா. "நல்லவேள. என்னயத் தேடியிருப்பாகளோன்னுதான் அடிச்சுக்கிட்டே கெடந்தேன். எங்க நாத்துனா எல்லாம் என்னய ஏசுதாக, புருசன் உசுரு போற நேரத்துல எங்க ஊரு சுத்தப் போனன்னு. அந்த ஜெராக்ஸ நான் பொறவு எடுத்திருக்கலாம். நான்தான் அவசரப்பட்டு ஓடிட்டேன்."

நான்தான் ஒன்னய அனுப்புனேன்னு சொல்லணும்லா? அவளுக்குத் தெரியாதா? தெரியும், நான்தான சொன்னேன். ஆனா அவ அத என் மேல போடவே இல்லக்கா. தன் மேலயே எடுத்துப் போட்டுக்கிட்டா. நான் தலைய ஆட்டிட்டு நின்னேன். அவ தம்பி வண்டியில வந்தான், ஏறிப் போயிட்டா.

ஆனா அவரு சொன்னாரு. மயக்கமெல்லாம் ரெண்டு இருவதுக்குத்தான். டாக்டர் போன் பேசப் போன நேரம், நான் மட்டும்தான் பக்கத்துல நின்னேன். என் பக்கம் திரும்பி, பேச்சி எங்க சிஸ்டர்ன்னாரு. அது வரைக்கும் தண்ணி, சாவி, வடக்குத் தெருன்னு பெனாத்திக்கிட்டு இருந்த மனுசன். அந்த ஒரு நிமிசம் தெளிவாப் பேசுனாரு. ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கான்னேன். கட்டிலுக்கு அடியில எட்டிப் பாத்தாரு, அவ செருப்பு அங்கன கெடந்துச்சு. "செருப்பு இல்லாமலா போயிட்டா? வெயிலு கொல்லுமே. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல அவ. வந்ததும் மொதல்ல எதாவது சாப்பிடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க, இல்லன்னா சாப்பிட மாட்டா."

சரி, பேசாதியன்னு சொல்லி ஆக்ஸிஜன் முகமூடிய மாட்டி விட்டேன்.

அவ்வளவுதான். அவரு பேசுன கடைசிப் பேச்சு அது. இத நான் யாருகிட்டயும் சொல்லல, எங்க வீட்டுக்காரருகிட்டகூட. ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது, வேல பயத்துலதான்னு எல்லாரும் நெனச்சாக. நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னைக்கு வேல நெலச்சிட்டு. மத்தியானம் ஆபீஸ் வாசல்ல ஒரு சோத்துப் பொட்டலம் வாங்குனேன், தொறக்க முடியல.

இப்பம் சொன்னா என்ன ஆகும்? அவரு தேடலன்னு அவ நிம்மதியா இருக்கா. தேடுனாருன்னு சொன்னா அது போயிரும். நான் ஏன் அனுப்புனேன்னும் சொல்லணும். சொல்லலன்னா, அவரு அவளுக்காகச் சொன்ன ஒரே ஒரு வார்த்த என்கிட்டயே கெடந்து அழுகிப் போயிரும். பஸ்ஸு எடுத்ததுல இருந்து மூணு வாட்டி அவ நம்பர எடுத்துட்டேன். ரிங்கு போறதுக்கு முன்னால வச்சுருதேன். என் கொரலக் கேட்டா அவ சிஸ்டர்னு கூப்பிடுவா. அதத் தாங்க மாட்டேன்.

ஒங்களுக்கு எறங்கணுமா? இது ஒங்க ஊரா? இல்லல்லா, அடுத்ததுதான. இருங்க, ஒக்காருங்க. நான் ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கக் கூடாது. ஒங்க கொரலு அவளுக்குத் தெரியாது. நீங்க யாரோ, பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்தவுகன்னு சொல்லிக்கிடலாம். அந்தச் சாப்பாட்டு வார்த்தைய மட்டும் நீங்க அவகிட்ட சொல்லிருதியளா? என் பேரு வேண்டாம். ஜெராக்ஸ் பேச்சு வேண்டாம்.

கைய ஏன் எடுத்துக்கிடுதிய? இந்தா, நம்பர் போட்டுட்டேன். ரிங்கு போகுது. பிடிங்கக்கா. யக்கா.